பெயரின் இடத்தில் ஒரு தேசம்

மெல்லிய தாளில் அச்சிடப்படுகிற சின்னஞ்சிறு புத்தகங்கள் பெரும்பாலும் பக்தி சம்பந்தமானவை. மாதாகோயிலுக்குக் கையோடு கொண்டுபோகிற வேதாகமத்துக்கும், சட்டைப் பையில் செருகிக்கொள்ளுகிற கவசப் புத்தகத்துக்கும் ஏற்ற அந்தச் சன்னத் தாளில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கவேண்டிய பொடி எழுத்தில், ஒரு சாம்ராஜ்யத்தின்மீது அதன் பிரஜை ஒருவரே தொடுத்த வியாஜ்யத்தை, 300 பக்கங்களுக்கு மேற்பட்ட வழக்கறிஞர் வாதத்தை, ஒருவர் அச்சிட முன்வந்தார் என்றால், அது வாசகனுடைய சௌகரியத்தை உத்தேசித்துச் செய்த காரியமாக இருக்க முடியாது. சுமப்பவனையும், ஒளிப்பவனையும், ஆகாயத்திலிருந்து வீசுகிறவனையும் மனத்தில் வைத்தே அதன் நீள அகலங்கள் தீர்மானிக்கப்பட்டன. முதலாம் உலக யுத்தத்தின்போது வெளிவந்த ‘ஜாக்யூஸ்’ என்னும் ஜெர்மன் நூலின் சிற்றுருவப் பதிப்பைத்தான் சொல்லுகிறேன். மூல நூலின் சாதாரணப் பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அவ்வப்போது தலைகாட்டும். யுத்தகாலச் சிறு பதிப்போ, அபூர்வம் என்ற சொல்லுக்கு நியாயமாக உரிமை கொண்டாடக் கூடியது. அதன் அபூர்வத்துக்குக் காரணம் குறைவாக அச்சிட்டது அன்று. கிடைத்த கையெல்லாம் அதை அழிக்கும்படி உத்தரவு பெற்றிருந்தது.

மூலம் 1915-ல், ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரத்து பாயோ பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. முகப்பில் பதிப்பித்தவர் என்று ஆன்டன் சூட்டர் என்னும் ஸ்விட்சர்லாந்துக்காரரின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒரு ஜெர்மானியனால்’ என்று மட்டுமே காணப்பட்டது. தலைப்போ பிரெஞ்சு. 1898 ஜனவரி 13-ஆம் தேதி, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற டிரைஃபஸ் என்னும் ராணுவ அதிகாரிக்காக எமில் ஜோலா ‘லோரோர்’ பத்திரிகையில் எழுதிய பகிரங்கக் கடிதத்தின் தலைப்பு அது. ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்று பொருள். ஆனால் ஜோலாவின் கடிதத்துக்குச் சக்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது கீழே இருந்த கையொப்பத்திலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது. அவதூறு வழக்குக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுத்து, வேண்டுமானால் என்னை நியாயஸ்தலத்துக்கு இழுத்துக்கொண்டு போங்கள் என்று சவால் விட்டவர் அவர், இழுத்துக்கொண்டும் போனார்கள். லோசான் நூலின் ஆசிரியர் அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு கையொப்பத்தை விட்டுவிட்டார். ‘நான்’ என்று தொடங்குகிற ஒரு வாக்கியத்தைப் பெயரில்லாத மனிதன் சொல்லும்போது, அந்த ‘நான்’ யார் என்ற கேள்வி, சொல்லப்பட்ட குற்றச்சாட்டுக்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுகிறது.

கையொப்பங்களின் காலமாகவும் அது இருந்தது. 1914 அக்டோபரில், பெல்ஜியத்தில் ஜெர்மன் சேனை நடத்திய கொடுமைகளையெல்லாம் மறுத்தும் ஜெர்மன் சேனையும் ஜெர்மன் கலாசாரமும் ஒன்றே என்று பிரகடனம் செய்தும், ஜெர்மனியின் 93 அறிஞர்களும் கலைஞர்களும் நாகரிக உலகத்தை நோக்கி ஓர் அறிக்கை விடுத்தார்கள். மாக்ஸ் பிளாங்க் கையெழுத்திட்டார், ரான்ட்கென் கையெழுத்திட்டார், நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மான் கையெழுத்திட்டார். அதற்கு எதிராக நிக்கோலாய் என்னும் மருத்துவப் பேராசிரியர் எழுதிய மறுமொழிக்கு, ஐன்ஸ்டைன் உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இணங்கினார்கள். பெயருள்ளவர்கள் 93 பேர் ஒரு பக்கத்தில் நிற்க, மறுபக்கத்திலிருந்து ஒரு பெயரில்லாதவர் பேசவந்தார். கோழைத்தனம் என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதருடைய பூர்வ சரித்திரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அந்தப் பெயரில்லாதவர் ரிஹார்ட் கிரெல்லிங். 1853-ல் பெர்லினில் பிறந்தவர், யூத வம்சத்தவர், தொழிலால் வழக்கறிஞர். 1892-ல் பெர்லினில் ஜெர்மன் சமாதானச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். ஆனால் அவர் பெயர் இலக்கிய சரித்திரத்தில் இடம்பெறுவது வேறொரு வழக்கினால். 1844-ல் சைலீஷியாவின் நெசவாளர்கள் பசி பொறுக்காமல் கிளர்ந்தெழுந்த சம்பவத்தை வைத்து ஹாப்ட்மான் எழுதிய ‘நெசவாளர்கள்’ என்ற நாடகத்தை, அது ஏழை ஜனங்களைத் தூண்டிவிடும் என்று காரணம் சொல்லி, பெர்லின் போலீஸ் அதிகாரம் தடை செய்தது. ஆசிரியர் பக்கம் வாதாடியவர் கிரெல்லிங். 1893 அக்டோபரில் பிரஷ்யாவின் உயர் நிர்வாக நீதிமன்றம் தடையை நீக்கியது. நீக்கியதற்குச் சொன்ன காரணம்தான் ரசிக்கத்தக்கது. நாடகம் நடக்கவிருந்த நாடகசாலையில் டிக்கெட் விலை அதிகம். அங்கே தொழிலாளிகள் வந்து உட்காரப்போவதில்லை. வருகிற கனவான்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு வீதியில் இறங்கிக் கலகம் செய்யப்போவதுமில்லை. ஆகவே பொது அமைதிக்கு ஆபத்து இல்லை. எழுத்தின் சுதந்திரம் ஆசன விலையின் தயவால் பிழைத்தது. மறு வருஷம் நாடகம் பகிரங்கமாக அரங்கேறியதும், கெய்ஸர் வில்ஹெல்ம் அந்த நாடகசாலையில் தமக்கென்று வைத்திருந்த மாடத்தைக் கைவிட்டுவிட்டார்.

ஏழைகள் வாங்க முடியாத விலையில் டிக்கெட் இருந்ததால் ஒரு நாடகத்தை அனுமதிக்க வைத்த அதே வழக்கறிஞரின் கையிலிருந்து, இருபது வருஷம் கழித்து, எந்த விலையும் இல்லாமல் அகழிகளில் கிடந்த சிப்பாய்களின் தலைமேல் விழுந்த ஒரு புத்தகம் வந்தது என்பதையும், அவர் காப்பாற்றிக் கொடுத்த நாடகத்தின் ஆசிரியரே 93 பேரில் ஒருவராக எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திட்டு நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாவலாசிரியன் எவனும் இவ்வளவு துணிச்சலாகக் கதை கட்டமாட்டான் என்று தோன்றுகிறது.

நூலின் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சமாதானவாதி எழுதியது என்றதும், யுத்தத்தின் கோரங்களை வர்ணித்துக் கண்ணீர் வரவழைக்கும் நூலாக அதைக் கற்பனை செய்துகொள்ளுகிறோம். பெர்த்தா ஃபோன் ஸுட்னர் 1889-ல் எழுதிய ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ என்ற புகழ்பெற்ற நாவல் அந்த வழியைக் காட்டியிருந்தது. கிரெல்லிங்கின் வழி வேறு. அவர் பிணங்களை எண்ணவில்லை, தந்திகளை எண்ணினார். யுத்தம் தொடங்கியவுடன் ஒவ்வொரு சர்க்காரும் தன் நிரபராதித்துவத்தை நிரூபிப்பதற்காகத் தன் ராஜதந்திரக் கடிதங்களைத் தொகுத்து வர்ண வர்ணமான அட்டையில் வெளியிட்டிருந்தது: ஜெர்மனியின் வெள்ளைப் புத்தகம், பிரிட்டனின் நீலப் புத்தகம், ருஷ்யாவின் ஆரஞ்சுப் புத்தகம், பெல்ஜியத்தின் சாம்பல் புத்தகம், பிரான்ஸின் மஞ்சள் புத்தகம், ஆஸ்திரியாவின் சிவப்புப் புத்தகம். கலைமகளை ஹோலிப் பண்டிகைக்கு அழைத்தாற்போன்ற இந்த வர்ணக் குவியலை ஒரு வழக்கறிஞர், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற பாவனையில், நாள் நாளாக, சில இடங்களில் மணி மணியாக, ஒன்றுக்கெதிராக ஒன்றை நிறுத்தி விசாரித்தார். பிரிட்டிஷ் நீலப் புத்தகத்தில் 159 ஆவணங்கள் இருந்தன. ஜெர்மன் வெள்ளைப் புத்தகத்தில் அதில் ஒரு சிறு பங்குதான். நியாயஸ்தலத்தில் பழகியவனுக்கு, ஒரு கட்சிக்காரன் தாக்கல் செய்த பத்திரங்களைவிடத் தாக்கல் செய்யாத பத்திரங்களே அதிகம் பேசும். ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான தகராறை ஹேக் நகரத்து மத்தியஸ்த நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம் என்று ருஷ்யச் சக்கரவர்த்தி 1914 ஜூலை 29-ஆம் தேதி கெய்ஸருக்கு அனுப்பிய தந்தி வெள்ளைப் புத்தகத்தில் இல்லை. ஹேக் மாநாடுகளை நம்பி, தேசங்களும் தனிமனிதர்களைப் போலவே ஒருநாள் நீதிபதியின்முன் வந்து நிற்கும் என்று இருபது வருஷம் பிரசாரம் செய்த சங்கத்தாருக்கு, அந்த ஒரு தந்தி விடுபட்டது வெறும் பதிப்புப் பிழையாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் சரித்திராசிரியர் அல்லர். தம் நாட்டுச் சாட்சியைக் கசக்கிப் பிழிந்த கிரெல்லிங், எதிர்த்தரப்பின் வர்ணப் புத்தகங்களை ஏறக்குறைய அவை சொன்னபடியே ஏற்றுக்கொண்டார். பிரான்ஸின் மஞ்சள் புத்தகத்தில், ருஷ்யப் படைதிரட்டல் சம்பந்தமான ஒரு தந்தி திருத்தி அச்சிடப்பட்டிருந்தது என்பது யுத்தத்துக்குப் பிறகு வெளிப்பட்டது. பாஷையிலும் ஒரு மேடைத்தனம் உண்டு. ஒருமுறை சொன்னால் போதுமானதை மூன்று முறை சொல்லி, மூன்றாம் முறை குரலையும் உயர்த்துகிற வழக்கம், ஜூரிகளைப் பார்த்துப் பேசிப் பழகியவர்களை எழுத்திலும் விடுவதில்லை. ஆங்கிலத்தில் அதை மொழிபெயர்த்தவர் அலெக்ஸாண்டர் கிரே. பின்னாளில் ஜெர்மன் கவி ஹைனேயின் பாடல்களை ஸ்காட்லாந்து வழக்கு மொழியில் பாடிக்காட்டிய நல்ல கவிஞர். அவருடைய கைக்கு இந்த வக்கீல் வாசகங்கள் எவ்வளவு சலிப்பைத் தந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுவதுண்டு.

ஜெர்மனியில் நூல் உடனே தடைசெய்யப்பட்டது. அங்கே எழுந்த கூக்குரலில் ஒரு சுவாரஸ்யமான தர்க்கம் ஒளிந்திருந்தது. இதை எழுதியவன் ஜெர்மானியன் அல்லன், எதிரியின் கூலி என்றார்கள். அப்படியானால் முகப்பில் இருப்பது பொய்க் கையொப்பம், நூலும் பொய். இல்லை, இவன் ஜெர்மானியன்தான் என்று நிரூபித்தாலோ, யுத்தகாலத்தில் தாய்நாட்டைக் குற்றம் சாட்டியவன் தேசத் துரோகி. துரோகியாதலால் ஜெர்மானியன் என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை அவனுக்கு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘ஒரு ஜெர்மானியன்’ என்ற கையொப்பம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளுகிறது.

இந்த மாதிரிச் சுழலுக்கு ஒரு பெயர் வைத்தவர் வேறு எவரும் அல்லர், கிரெல்லிங்கின் புதல்வர். குர்ட் கிரெல்லிங் கணிதமும் தர்க்கமும் பயின்றவர். 1908-ல் லெயோனார்ட் நெல்ஸனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஒரு முரண்புதிர் தர்க்க சாஸ்திரத்தில் இன்றளவும் அவர் பெயரால் வழங்குகிறது. சில சொற்கள் தம்மைத் தாமே குறிக்கும்: ‘தமிழ்ச்சொல்’ என்பது தானும் ஒரு தமிழ்ச்சொல். சில குறிக்கமாட்டா: ‘ஆங்கிலச்சொல்’ என்பது ஆங்கிலச்சொல் அன்று. இப்படித் தம்மைக் குறிக்காத சொற்களையெல்லாம் ‘தற்சுட்டிலி’ என்று ஒரு வகுப்பாக வைத்துக்கொள்ளுவோம். ‘தற்சுட்டிலி’ என்ற சொல் தற்சுட்டிலியா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது. இல்லை என்றால் ஆம் என்றாகிறது. இருபத்திரண்டு வயதில் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த அந்த மகன்தான், 1916-ல், ‘ஜாக்யூஸ்’ நூலுக்கு மறுப்பாக ‘அன்ட்டி-ஜாக்யூஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். அதன் உபதலைப்பு ‘ஒரு ஜெர்மன் மறுமொழி’. மறுப்பில் பெயர் இருந்தது. தகப்பனார் பெயரை மறைத்துக்கொண்டு தேசத்தின் பெயரால் குற்றம் சாட்ட, மகன் அதே குடும்பப் பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு அதே தேசத்தின் பெயரால் பதில் சொன்னார். வீட்டுக்குள் நடந்திருக்கவேண்டிய ஒரு வாக்குவாதம் ஐரோப்பாவின் முற்றத்தில் நடந்தது. மகனுடைய அபிப்பிராயம் பின்னால் மாறியது என்பதையும், யுத்தத்துக்குப் பிறகு அவர் இடதுசாரிகளோடு சேர்ந்துகொண்டார் என்பதையும், யுத்தத்தை எதிர்த்ததற்காகச் சிறைசென்ற பெர்ட்ராண்ட் ரஸ்ஸலின் நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார் என்பதையும் இங்கே சொல்லாவிட்டால் அவருக்கு அநீதி செய்தவனாவேன்.

இதற்குள் நூல் கூட்டைவிட்டுப் பறந்துவிட்டது. பறந்தது என்பதை உருவகமாக எழுதவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில், எதிரியின் எல்லைக்கு அப்பால் அச்சுப் பிரதிகளை அனுப்புவதற்கென்றே ஒரு சிறு பிரிவு 1915 முதல் வேலை செய்தது. அதில் முக்கியஸ்தராக இருந்தவர் ‘ஹான்சி’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட அல்சேஸ் பிரதேசத்துச் சித்திரக்காரர். ஜெர்மன் அதிகாரிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்ததற்காக 1914 ஜூலையில் லைப்ஸிக் நீதிமன்றம் தமக்கு விதித்த ஒரு வருஷச் சிறைத் தண்டனையிலிருந்து தப்பி ஓடிவந்தவர். ஜெர்மானியர் சொன்னால் ஜெர்மானியர் நம்புவார்கள் என்ற சாமானிய உண்மையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பிரிவுக்கு, ‘ஜாக்யூஸ்’ கிடைத்தற்கரிய சரக்காக வாய்த்தது. சன்னத் தாளும் பொடி எழுத்தும் வந்த வழி இதுதான். குண்டு சுமக்கிற விமானம் புத்தகமும் சுமந்தது.

இந்த இடத்தில் என் மனம் வெகுநேரம் நின்றுவிடுகிறது. சமாதானச் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவர் எழுதிய நூல், ஒரு சேனையால் இன்னொரு சேனைமேல் வீசப்பட்டது. அதில் எழுதியிருந்த ஒரு வாக்கியமும் மாறவில்லை. ஆனாலும் அது மாறிவிட்டது. லோசான் கடையில் ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கிப் படிக்கும்போது ஒரு பிரஜையின் மனச்சாட்சியாக இருந்த பொருள், எதிரியின் விமானத்திலிருந்து விழுந்ததும் யுத்த தளவாடம் ஆகிவிட்டது. சத்தியம் எவர் வாயிலிருந்து வந்தாலும் சத்தியமே என்று நாம் சொல்லிக்கொள்ளுகிறோம். பசியிலும் சேற்றிலும் கிடக்கிற சிப்பாய்க்கு, நேற்று தன் தோழனைக் கொன்ற ஆகாயத்திலிருந்து இன்று வந்து விழுகிற சத்தியத்தை அப்படி எடுத்துக்கொள்ளும் திராணி எங்கிருந்து வரும்? ஆசிரியர் தம் பெயரைப் போட்டிருந்தால் குறைந்தபட்சம் பெர்லினில் பிறந்த இன்ன வழக்கறிஞர் என்று ஒரு முகமாவது எழும்பியிருக்கும். பெயர் இல்லாத இடத்தில், அதைக் கொண்டுவந்து கொடுத்தவனுடைய முகமே எழும்பியது. அநாமதேயம் எழுதியவனைக் காப்பாற்றும். எழுதியதைக் காப்பாற்றுமா என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தத் தாள்களுக்கு ஜெர்மன் சேனாதிபதிகள் பயந்தார்கள் என்பதும் மெய். 1917-ல், துண்டுப் பிரசுரங்கள் வீசிய இரண்டு பிரிட்டிஷ் விமானிகளைப் பிடித்தபோது, குண்டு வீசியவர்களைப் போல யுத்தக் கைதிகளாக நடத்தாமல், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திப் பத்து வருஷக் கடின தண்டனை விதித்தார்கள். குண்டு போட்டவன் போர்வீரன், காகிதம் போட்டவன் குற்றவாளி. பதிலுக்குப் பதில் செய்வோம் என்று பிரிட்டன் மிரட்டியபிறகு அவர்கள் சாதாரணக் கைதிகளாயினர். ஆயினும் 1918-ல் பிரிட்டிஷார் விமானத்தை விட்டுக் காகித பலூன்களுக்கு மாறினார்கள். ஹைட்ரஜன் நிரப்பிய பலூன். அடியில், மெதுவாகக் கனன்றுகொண்டே போகிற ஒரு திரி. திரியில் கட்டுக்கட்டாகக் கோத்த துண்டுப் பிரசுரங்கள். நெருப்பு ஏறியேறிப்போக ஒவ்வொரு கட்டாக அவிழ்ந்து, காற்று கொண்டுபோன ஊரில் விழும். கீழே, அவற்றைப் பொறுக்கி மேலதிகாரியிடம் ஒப்படைக்கும் சிப்பாய்களுக்கு ஜெர்மன் ராணுவம் சன்மானம் அறிவித்தது. படித்தால் தண்டனை, ஒப்படைத்தால் காசு. இதற்கும் தப்பிப் பிழைத்த ‘ஜாக்யூஸ்’ சிறு பதிப்பின் பிரதியை இன்று எவராவது கையில் வைத்திருந்தால், அந்தக் காசை வேண்டாம் என்று சொன்ன ஒரு சிப்பாய் எங்கோ இருந்திருக்கவேண்டும் என்றாவது, தன் பையில் அது இருப்பதையே மறந்துபோன ஒருவன் இருந்திருக்கவேண்டும் என்றாவது அர்த்தம்.

1919 டிசம்பரில், புரட்சிக்குப் பின் வந்த குடியரசின் கட்டளைப்படி கார்ல் காட்ஸ்கி தொகுத்த ஜெர்மன் வெளிநாட்டு இலாகா ஆவணங்கள் வெளியாயின. வெள்ளைப் புத்தகம் ஒளித்ததெல்லாம் அவற்றில் இருந்தது: என்ன நேர்ந்தாலும் துணை நிற்போம் என்று ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த வாக்கு, கெய்ஸர் தம் கைப்பட ஓரங்களில் கிறுக்கிய குறிப்புகள். கிரெல்லிங் ஊகித்தவற்றில் பல ஊர்ஜிதமாயின. வழக்கறிஞர் ஊகிக்காத ஒன்றும் இருந்தது: செர்பியாவின் பதிலை ஜூலை 28-ஆம் தேதி படித்துவிட்டு, இனி யுத்தத்துக்குக் காரணமே இல்லை என்று அதே கெய்ஸர் குறித்துவைத்திருந்தார். ஆனால் அதற்குள் வெர்ஸேல்ஸ் ஒப்பந்தத்தின் 231-ஆம் பிரிவு யுத்தப் பொறுப்பை ஜெர்மனியின் தலையில் கட்டிவிட்டது. ‘ஜாக்யூஸ்’ சொன்னதை வென்றவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். வென்றவன் சொன்னபிறகு அதைத் தோற்றவன் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டான். சொந்த மண்ணில் ஒருவன் மனம் திருந்தி உணரவேண்டியது, ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாக வந்து சேர்ந்தது. ஹாம்பர்க் சரித்திராசிரியர் ஃப்ரிட்ஸ் ஃபிஷர் 1961-ல் அந்தக் கேள்வியைத் திரும்ப எழுப்பியபோது, அவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டு எழுதியும்கூட, நாடே அமளிப்பட்டது.

கிரெல்லிங் யுத்தம் முடிவதற்குள் ‘குற்றம்’ என்ற தலைப்பில் மூன்று பாகங்களாக இன்னொரு நூலும் எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்பில் ஆசிரியரைக் குறித்த விதம், நம் சங்க இலக்கியத்தில் பழகியவர்களுக்கு ஒரு புன்னகையை வரவழைக்கும்: ‘ஜாக்யூஸ் எழுதிய ஒரு ஜெர்மானியனால்’. இயற்பெயர் மறைந்துபோன புலவனைச் செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும், அவன் பாட்டிலிருந்தே ஒரு தொடரைக் கிள்ளி எடுத்துப் பெயராகச் சூட்டிய தொகுப்பாசிரியனும் இதைத்தான் செய்தான். ஆனால் அங்கே பெயரைக் காலம் அழித்தது, எழுத்து மிஞ்சியது. இங்கே பெயரை ஆசிரியரே மறைத்தார், பெயர் விரைவிலேயே வெளிப்பட்டுவிட்டது, எழுத்து மறக்கப்பட்டது. இன்று கிரெல்லிங் என்ற பெயரைச் சொன்னால், தர்க்கம் படித்தவர்கள் மகனைத்தான் நினைப்பார்கள்.

தகப்பனார் 1929-ல் பெர்லினில் காலமானார். நாலு வருஷத்தில் ஹிட்லர் வந்தான். ‘ஒரு ஜெர்மன் மறுமொழி’ எழுதிய மகன், யூத வம்சத்தவர் என்ற காரணத்தால், ஆசிரியர் உத்தியோகத்தை இழந்தார்; பெல்ஜியத்துக்குப் போனார்; அங்கிருந்து 1940-ல் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு, பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள குர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார். 1941 நவம்பரில் ஜெர்மனியில் பிறந்த ஒரு சட்டம், நாட்டுக்கு வெளியே இருந்த யூதர்கள் அனைவரையும் ஜெர்மன் பிரஜைகள் அல்லர் என்று அறிவித்தது. மறு வருஷம் செப்டம்பரில் அவரையும் அவர் மனைவியையும் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள்.